மங்கலாகத் தெரிந்தால் சின்னதா?

உளுந்தூர்பேட்டையில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை விட்டுச் சேலம் சாலை பிரிகிறது. ராத்திரியில் அங்கே நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வெகு தூரத்தில் வரும் லாரியின் முன்விளக்கும், பக்கத்துத் திண்ணையில் எரியும் அகல் விளக்கும் சில சமயம் ஒரே மாதிரிதான் தோன்றும். லாரி நெருங்கினால் கண் கூசும், வித்தியாசம் புரிந்துவிடும். வானத்து விளக்குகள் நெருங்கி வருவதில்லையே! எது அகல், எது லாரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தை மாதக் கடைசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு, சாலை விளக்குகளை விட்டு விலகி, வயல் பக்கம் போய்த் தெற்கே பாருங்கள். பளிச்சென்று சிரியஸ் மின்னும். கையை நீட்டி விரல்களை விரித்து அளந்தால், அதற்கு நேர் கீழே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் மங்கிய புள்ளி ஒன்று உண்டு. ரோகிணி, சுவாதி போலப் பிரபலமான பெயரெல்லாம் அதற்குக் கிடையாது. ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் 47536 என்ற எண், அவ்வளவுதான். ஆனால் ரோகிணியின் ஜாதிதான்: ஆரஞ்சு நிறத்துக் கிழட்டு ராட்சதன்.

மனிதருக்கு வயதானால் உடல் ஒடுங்கும். நட்சத்திரத்துக்கு வயதானால் பருக்கும்! நடுவில் உள்ள ஹைட்ரஜன் தீர்ந்ததும் உட்பகுதி சுருங்கி இன்னும் சூடேறுகிறது. வெளிப்பகுதி ஊதிப் பெருத்து, ஆறி, ஆரஞ்சு நிறமாகிறது. இந்தக் கிழவரின் குறுக்களவு நம் சூரியனைப்போல் இருபது மடங்குக்கு மேல். நம் சூரியனுக்கும் இந்தக் கதிதான். ஆனால் சுமார் 500 கோடி வருஷம் தவணை இருக்கிறது.

புரட்டாசியில் வடக்கு வானத்து அன்ன மண்டலத்தில் 61-ஆம் எண் நட்சத்திரத்தைப் பாருங்கள். அது ஒரு ஜோடி. அதில் பெரியதும் ஆரஞ்சு நிறம். ஏறக்குறைய இதே மங்கல். ஆனால் அதன் தூரம் 11 ஒளியாண்டுக்குச் சற்று அதிகம். சூரியனை விடச் சின்னது. அது அகல். நம் கிழவரோ சுமார் 400 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் லாரி!

இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழியைக் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. அவரும் அமெரிக்கரான ஆலின் வில்சனும் 1957-இல் அதை வெளியிட்டார்கள். நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால், ஊதாப் பகுதியில் கால்சியம் போட்ட ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதன் நடுவே ஒரு மெல்லிய ஒளிக் கீற்று. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நட்சத்திரங்களில் அந்தக் கீற்று எவ்வளவு அகலமோ, நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் அவ்வளவு அதிகம். உண்மைப் பிரகாசம் தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற மங்கலை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுவது சுலபம். பிற்பாடு ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் தூரங்களை நேராக அளந்தது. அப்போதும் இந்த விதி நிலைத்தது.

கல்வராயன் மலைக்கு வடக்கே ஜவ்வாது மலையில், காவலூரில், வானாராய்ச்சி நிலையத்தை உருவாக்கியவரும் பாப்புதான். அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய வேண்டுமென்று பாடுபட்டார். அது முடியுமுன், 1982-இல், 55 வயதில் காலமானார். 1986-இல் அது திறக்கப்பட்டபோது அவர் பெயரையே சூட்டினார்கள்.

கிழட்டு நட்சத்திரங்களின் உண்மை உயரத்தை நமக்குச் சொன்னவருக்கு, கிழவராகும் வரை இருக்கக் கொடுத்து வைக்கவில்லை.