எல்லாம் நம்ம ராசி மச்சி!

ரிசல்ட் வந்த சாயங்காலம். ஹாஸ்டல் ரூமில் நாலு பேர். ஒருத்தனுக்கு மேத்ஸில் அரியர்.

"நல்லாத்தாண்டா எழுதினேன். ரீவேல்யுவேஷன் போட்டுப் பார்க்கட்டுமா?"

"போட்டா மட்டும்? பணம்தான் தண்டம். எல்லாம் நம்ம ராசி மச்சி!"

"பேப்பர் திருத்துறவர் அன்னிக்கு என்ன மூடுல இருந்தாரோ... விடுடா!"

விட்டுட்டான். கடைசித் தேதியும் போயிடுச்சு. அந்தப் பேப்பரில் அவனுக்குச் சேர வேண்டிய மார்க் இருந்ததா இல்லையா, இனி யாருக்கும் தெரியாது.

இப்போ சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்... இந்த முடிவை எடுத்தது அவனா, அந்த ரூமா?

'எனக்கு நடப்பது பெரும்பாலும் என் கையில்தான் இருக்கு' என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். 'விதி, சிபாரிசு, அதிர்ஷ்டம்... நம்ம கையில் என்ன இருக்கு?' என்பவர்கள் மறுபக்கம். நம்மில் பலர் நடுவில் எங்கேயோ! யார் எங்கே நிற்கிறார்கள் என்று அளக்க, 1966-ல் ஒரு கேள்வித்தாளையே வெளியிட்டார் அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர்.

அதே வருஷம் அங்கே இன்னொரு பெரிய ஆய்வும் வெளிவந்தது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், சுமார் 6 லட்சம் பள்ளி மாணவர்களிடம் எடுத்த சர்வே. முன்னேறுவதற்கு உழைப்பு முக்கியமா, அதிர்ஷ்டம் முக்கியமா என்ற ரீதியில் சில கேள்விகளும் அதில் இருந்தன.

'என் கையில் இருக்கு' என்ற நினைப்பு, வெள்ளை மாணவர்களைவிடக் கறுப்பின மாணவர்களிடம் குறைவாக இருந்தது. ஆச்சரியமே இல்லை. இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் அங்கே வந்ததே 1964-ல்தான். அப்பாவும் அண்ணனும் தட்டித் தட்டி அலுத்துப்போன கதவைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, தட்டினால் திறக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வரும்?

ஆனால், அடுத்த விஷயம்தான் முக்கியம். உழைப்பை நம்பிய கறுப்பின மாணவர்கள், அதிர்ஷ்டத்தை நம்பிய வெள்ளை மாணவர்களைவிட டெஸ்ட்டில் அதிக மார்க் எடுத்திருந்தார்கள்! இன்னொன்று... வெள்ளை மாணவர்களும் அதிகமாகப் படித்த பள்ளிகளில், கறுப்பின மாணவர்களிடம் அந்த நினைப்பு கூடுதலாகவே தெரிந்தது.

ஆக, 'என்னால் முடியும்' என்பது பிறக்கும்போதே கூட வரும் மச்சம் இல்லை. வீடு, தெரு, கிளாஸ் ரூம் எல்லாம் சேர்ந்து நமக்குள் போட்டுவைப்பது.

அதனால்தான், நிஜமாகவே கதவு சாத்தப்பட்டவரிடம் போய் 'உழைச்சா முன்னேறலாம் தம்பி' என்று தத்துவம் பேசுவது கொடுமை. அங்கே முதலில் திறக்க வேண்டியது கதவைத்தான். ஆனால் நம்ம கதையில் கதவு சாத்தியிருந்ததா என்ன? சும்மா ஒருக்களித்துத்தான் இருந்தது. தள்ளிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த ரூமில் ஒரே ஒருத்தன், 'போட்டுத்தான் பாரேண்டா' என்று சொல்லியிருந்தால்?

'என்னைச் சுத்தி இருக்கிறவங்க சரியில்லை' என்று எல்லோருமே புலம்புகிறோம். நம்மைச் சுற்றி நாலு பேர் இருப்பது போல, அந்த நாலு பேரைச் சுற்றி நாமும் இருக்கிறோமே!

அடுத்த முறை உங்கள் ரூமில் யாராவது, "அப்ளை பண்ணட்டுமாடா?" என்று இழுத்தால் ராசி, ஜாதகம் எல்லாம் பேசாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க...

"கடைசித் தேதி என்னைக்குடா?"