நீர்மூழ்கிக்குக் காத்திருக்க இடம் இருந்தது

ஓய்வுபெற்ற போர்க்கப்பலை உடைக்காதே, நிரந்தரமாக நிறுத்தி அருங்காட்சியகமாக்கு என்ற குரல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுகிறது. கூவம் கரையில் வேலை செய்யும் உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிந்தாதிரிப்பேட்டை மாணவத் தோழர்களே எங்களைக் கேட்கிறார்கள். அக்கறை இருக்கிறது.

ஐ.என்.எஸ். வாக்லியை எடுத்துக்கொள்வோம். 1974இல் கடற்படையில் சேர்ந்த சோவியத் நீர்மூழ்கி, 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கப் போகிறோம் என்று தமிழ்நாடு அரசு அதைக் கேட்டு வாங்கியது. சென்னைத் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் கட்டிக் கிடந்தது. மாமல்லபுரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அதே வகையைச் சேர்ந்த குர்சுரா 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கிறது.

வாக்லி கிடந்த அத்தனை காலமும் யாரும் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. 2019 டிசம்பர் கடைசியில் கூவம் கரையின் சத்தியவாணிமுத்து நகரை இடித்தபோது மட்டும் அந்தச் சொல் தயாராக இருந்தது. பள்ளி ஆண்டு பாதியில் நிற்க, பிள்ளைகளோடு குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். தலித் மக்களின் உரிமைக்காகத் தனிக்கட்சியே தொடங்கிய அமைச்சரின் பெயர் கொண்ட குடியிருப்பு அது! 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியபோதே யார் யார் இங்கே குடியிருக்கலாம் என்று கம்பெனி தொழில்வாரியாக வரையறுத்தது. கரையில் யார் தங்கலாம் என்று மேலிருந்து முடிவு செய்வது அன்றே தொடங்கிவிட்டது.

அதற்காகக் கப்பலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விராட்டைச் சிந்துதுர்க் கடலில் நிறுத்த 2018இல் மகாராஷ்டிர அமைச்சரவை 852 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கடைசியில் அது 38.54 கோடிக்கு விலைபோய், 2020 செப்டம்பரில் அலங் கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. பாரம்பரியம் போச்சே என்று அழுதவர்கள் பலர். அலங்கில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கேஸ் கட்டரோடு கப்பலுக்குள் இறங்கும் கூலித் தொழிலாளியைப் பற்றி அவர்களில் எத்தனை பேர் பேசினார்கள்? கப்பலைக் காப்பாற்றும் இயக்கத்துக்குத் தளபதிகளின் பெயர் தெரியும், உடைப்பவரின் பெயர் தெரியாது.

நம் கடலின் கதை போர்க்கப்பலோடு தொடங்கவும் இல்லை. 1860 அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் 342 பேர், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அன்று சென்னையில் கப்பல் அணையத் துறைமுகமே கிடையாது. மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலேற வேண்டும். பயணிகள் பட்டியலில் பெயர், வயது, ஊர், உடல் தழும்பு, கூடவே சாதி. பறையர் என்று எழுதப்பட்ட பெயர்கள் நிறைய. ஊர்ச் சாதியிலிருந்து தப்பிக் கப்பலேறியவர்களையும் காகிதத்தில் சாதி பின்தொடர்ந்தது. கப்பல் இல்லை, பட்டியல் இருக்கிறது.

ஆகவே சென்னைக் கரையில் நாளை ஒரு கப்பலுக்கு இடம் பார்த்தால் நாம் இரண்டு கேட்போம். அந்த இடத்துக்காக ஒரு குப்பமோ ஒரு கரைக் குடியிருப்போ காலி செய்யப்படக் கூடாது. உள்ளே நுழைந்ததும் முதல் சுவரில் அந்த 342 பெயர்களும் தமிழில் இருக்க வேண்டும்.