விடுப்பு முடிந்த பிறகு வரும் டியூட்டி சார்ட்

மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம் என்பது பற்றி நம் துறையில் நிறையவே பேசியாயிற்று. 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரம் 26 வாரமானது. தமிழ்நாடு அரசு தன் பணியாளர்களுக்கு 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் ஓராண்டு என்று படிப்படியாக உயர்த்தியிருக்கிறது. இவற்றுக்காகப் போராடிய சங்கத்தினருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். விடுப்பு முடிந்து ஒரு செவிலியர் வார்டுக்குத் திரும்பிய பிறகு என்ன ஆகிறார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

தனியார் மருத்துவமனைச் செவிலியரை எடுத்துக்கொள்வோம். 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்கிறது சட்டம். அப்படி எடுத்தால் பிள்ளைக்கு நான்கு மாதம் முடியும்போதே வேலைக்கு வந்தாக வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்று பிரசவ வார்டில் ஒவ்வொரு தாய்க்கும் சொல்லித்தருபவர் அவர். தன் பிள்ளைக்கு அதைச் செய்ய வேண்டும் என்பதற்காகவே, கால் வீங்கி நிற்க முடியாத ஒன்பதாம் மாதத்திலும் வேலை பார்த்து நாட்களைச் சேமிக்கிறார். அதைப் பார்த்து ‘கடைசி வரைக்கும் வந்தாங்க’ என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டை இனி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்த முதல் மாதத்திலேயே நைட் டியூட்டி. பல இடங்களில் அது பன்னிரண்டு மணி நேரம். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும், காய்ச்சல் வரும், நான்கைந்து இரவு இப்படிப் போனால் சுரப்பு குறையும். இதன் உடலியல் நமக்குப் பாடமாக இருந்தது, யாரும் விளக்க வேண்டியதில்லை. குழந்தைக்குப் 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளை இருபது கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்தால் அந்த இடைவேளையில் பாலைப் பீய்ச்சி எடுத்து வைக்கத்தான் முடியும். அதற்கு ஒரு கதவு, ஒரு நாற்காலி, ஒரு குளிர்பதனப் பெட்டி போதும். பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்ப்பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பல மருத்துவமனைகளில் செவிலியருக்கு இருப்பது மருந்து ஸ்டோரும் கழிப்பறையும்தான்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 திருத்தம் சொன்னது. இப்போது நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் காப்பகம் இருக்கிற இடங்களிலும் அது காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டும் அலுவலகக் காப்பகமாகவே இருக்கிறது. ஏழு மணிக்கு டியூட்டி ஏற்கிற செவிலியருக்கு அதனால் என்ன பயன்? மருத்துவமனையின் காப்பகம் மருத்துவமனையின் ஷிப்ட் நேரத்தில் இயங்க வேண்டும். இரவில் பத்து நோயாளிக்கு விளக்கெரிக்கும் நிர்வாகத்தால் இரண்டு குழந்தைக்கும் ஒரு ஆயாவுக்கும் விளக்கெரிக்க முடியும்.

தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு விடுப்பே கேள்விக்குறி. தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பலன் தொடரும் என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. கணவரின் முந்தைய திருமணத்துக் குழந்தைகளைக் காரணம் காட்டித் தன் முதல் பிரசவத்துக்கு விடுப்பு மறுக்கப்பட்ட சண்டிகர் செவிலியர் ஒருவர், 2022-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். ‘எங்களால் இவ்வளவு சம்பளம் கொடுக்க முடியாது’ என்னும் சிறிய மருத்துவமனைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் வாங்கி இஎஸ்ஐயில் பதிவான செவிலியருக்கு, 70 நாள் சந்தா இருந்தால், அந்த 26 வாரத் தொகையை இஎஸ்ஐ கழகமே தருகிறது. பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, ‘ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, அப்புறம் புதுசா சேர்ந்துக்கலாம்’ என்று சொல்வது பணமில்லாத குறையால் அன்று. அது சட்டமீறல்.

இனி நமக்குள் பேச வேண்டியது. ஒருவர் விடுப்பில் போனால் அவர் இடத்துக்கு ஆள் வருவதில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் தன் பணியிட அளவுகோலில் விடுப்பு ஈட்டுக்கென்று 30 சதவீதம் கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறது. அந்த இடங்கள் உருவாக்கப்படாததால் சுமை முழுவதும் மீதமுள்ளவர்கள் தோளில் விழுகிறது. எரிச்சல் நிர்வாகத்தின் மீது போகாமல் பிள்ளை பெற்றவள் மீது போகிறது. ‘நாங்களும் பெத்து வளர்த்தவங்கதானே, எங்களுக்கு யாரு பார்த்தா?’ என்று மூத்த சிஸ்டர் கேட்கும்போது அதில் உண்மையான வலி இருக்கிறது. மாமியாரிடம் விட்டு, பக்கத்து வீட்டில் விட்டு, பால் மரத்துப்போய் வளர்த்தவர்கள் அவர்கள். அந்த வலியை அனுபவித்த ஒருவர் கையில்தான் இன்று டியூட்டி சார்ட் இருக்கிறது. அரசாணையும் தீர்ப்பும் வந்து சேர்வதற்குள் எத்தனையோ பிள்ளைகள் புட்டிப்பாலுக்குப் போய்விடும். சார்ட்டை இன்றே மாற்றலாம்.

வார்டு இன்சார்ஜ்களையும் நர்சிங் கண்காணிப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். திரும்பி வரும் தாய்க்குப் பிள்ளையின் முதல் பிறந்த நாள் வரை நைட் போடாதீர்கள். அவருக்குரிய இரண்டு இடைவேளையையும் சார்ட்டிலேயே எழுதிவிடுங்கள். தினமும் கெஞ்சிக் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள். அந்த நைட்களை ஏற்பவர்களுக்கு ஈடாக ஆஃப் கொடுங்கள். ஈட்டுப் பணியிடங்களுக்கான கோரிக்கையை, வார்டுவாரியாக எத்தனை பேர் விடுப்பில் இருக்கிறார்கள் என்ற கணக்கோடு எழுத்தில் அனுப்புங்கள். உங்கள் மருத்துவமனையில் ஷிப்ட் நேரக் காப்பகம் நடந்தால், எப்படி நடத்துகிறீர்கள், செலவு யார் ஏற்கிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்ற மருத்துவமனைகளும் பின்பற்றும் வகையில் அவற்றைத் தொடர்ந்து வெளியிடுவோம்.