இரவுச் சத்தத்தைத் திட்ட அனுமதியிலேயே தடுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

மூன்றாம் முழுமைத் திட்டத்தைக் குழுமம் உருவாக்கிவருகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான அந்தத் திட்டத்தில், மதுக்கூடங்களுக்கும் இரவு விடுதிகளுக்கும் பக்கத்தில் குடியிருப்போரின் தூக்கத்துக்கும் இடம் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆம் ஆண்டே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு 45 டெசிபெல். தனியார் இடத்து ஒலிபெருக்கிச் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இதை 5 டெசிபெலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆனாலும் நள்ளிரவில் புகார் சொன்னால் ரோந்து வண்டி வரும்வரை ஒரு சத்தம், நிற்கும்வரை ஒரு சத்தம், போனபின் பழைய சத்தம். இதில் காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீடுகளை ஒட்டிய மொட்டை மாடியில் டி.ஜே. மேடை அமையலாம் என்று கட்டடம் எழும்போதே விட்டுவிட்டால், பிறகு அவர் என்னதான் செய்வார்?

சப்வூஃபரின் பேஸ் அதிர்வு சுவரைத் தாண்டி வரக்கூடியது. விதிகள் சொல்லும் டெசிபெல் அளவீடோ தாழ்ந்த ஒலியைக் குறைத்தே கணக்கிடுகிறது. மீட்டர் வரம்புக்குள் காட்டும் நேரத்திலும் கைக்குழந்தை திடுக்கிட்டு எழுவது அதனால்தான்.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, இரவு 10 மணிக்கு மேல் இசை ஒலிக்கும் எந்த இடமும் திட்ட அனுமதி கேட்கும்போதே ஒலித்தடுப்பு ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். பேஸ் ஒலியைத் தனியாக அளந்து பார்த்த பிறகே பணி நிறைவுச் சான்றிதழ் தர வேண்டும்.

இரண்டாவது, பின்னால் வருபவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். வீடுகளுக்கு நடுவே விடுதி வந்தால் விடுதிக்காரர். பழைய இசைக்கூடத்தின் அருகே அடுக்ககம் எழுந்தால் அதைக் கட்டுபவர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இலும் இங்கிலாந்து 2018-இலும் இந்த நெறியைத் திட்ட விதிகளில் சேர்த்தன. இசைக் கலைஞரின் பிழைப்பையும் இது காக்கும்.

மூன்றாவது, இரவுக் கேளிக்கைக்கென்று தனிப் பகுதிகளை வரையறுங்கள். பிரிஸ்பேன் நகரம் ஃபோர்டிட்யூட் வேலியை 2006-இல் அப்படி அறிவித்தது. அங்கே இசைக்கென்று தனி வரம்பு உண்டு. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு ஒலித்தடுப்பு கட்டாயம்.

விடியற்காலைப் பணிக்குப் போகும் செவிலியரும் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையும் இரவு முழுவதும் தூங்க வேண்டியவர்கள். நகரத்துக்குக் கொண்டாட்டமும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இரண்டுக்கும் இடம் ஒதுக்கும் அதிகாரம் உங்கள் குழுமத்திடம் இருக்கிறது. இந்த மூன்றையும் வரைவுத் திட்டத்தில் சேர்த்து மக்கள் கருத்துக்கு வையுங்கள். நான் நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைக் குடியிருப்பாளர் ஒருவர்