தாயைத் தமிழில் கூப்பிட்டால் நாடு பிரிந்துவிடுமா?

இலங்கை ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். இதனால் நாடு மூன்றாக உடைந்துவிட்டது என்று எந்தத் தேசபக்தரும் சொன்னதில்லை. தமிழ் எழுத்து இருக்கிறதே என்று காசை வேண்டாமென்று தள்ளியவரும் இல்லை. ஆனால் தேசிய கீதத்தைத் தமிழில் பாடினால் மட்டும் ஒற்றுமைக்கு ஆபத்தாம்!

இத்தனைக்கும் அது வேறு பாட்டே இல்லை. ஆனந்த சமரக்கோனின் பாட்டைப் பண்டிதர் நல்லதம்பி தமிழாக்கினார். அதே மெட்டு, அதே தாய். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே இருக்கிறது. கீதத்தில் கை வைக்கக் கூடாது என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல்... முதல் வரி சகுனத்துக்கு ஆகாது என்று சொல்லி, எழுதியவர் எதிர்த்தும் கேளாமல் 1961இல் மாற்றியது தமிழர்கள் அல்ல.

2010 டிசம்பரில் தமிழ் வடிவத்தை நிறுத்தும் பேச்சு அமைச்சரவை வரை போனது. அப்போது கிளம்பிய வாதம்தான் உச்சம். இந்தியாவில் எத்தனையோ மொழிகள் இருந்தும் ஹிந்தியில் மட்டும்தானே பாடுகிறார்கள் என்றார்கள். ஐயோ பாவம், ஜன கண மன ஹிந்தியே இல்லை! தாகூர் எழுதிய, சமஸ்கிருதம் நிறையக் கலந்த வங்காளம். அங்கே அதிகம் பேர் பேசுவது ஹிந்தி. அவர்களே இன்னொரு மொழிக்காரரின் பாட்டுக்குத்தான் எழுந்து நிற்கிறார்கள். இந்த உதாரணத்தை அப்படியே பின்பற்றினால் சிங்களவர்கள்தான் தமிழில் பாட வேண்டிவரும். சம்மதமா?

கனடாவில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடுகிறார்கள். தென்னாபிரிக்கா ஒரே பாட்டுக்குள் 5 மொழிகளை வைத்திருக்கிறது. நிறவெறி ஆட்சிக்காலக் கீதத்தின் ஒரு பகுதியைக்கூட ஆபிரிக்கான்ஸ் மொழியிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். அவ்வளவு பட்டவர்களுக்கு அந்த மனசு இருந்தது.

2016 பெப்ரவரி 4 அன்று காலிமுகத்திடலில் நடந்த சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடினார்கள். வானம் இடிந்து விழவில்லை. 2020 விழாவில் தமிழைக் காணோம்!

காணியும் காணாமல் போன பிள்ளையும் கிடைக்காதவர்களுக்குப் பாட்டு ஒரு கேடா என்று தமிழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கோபம். பாட்டு காணியை மீட்டுத் தராதுதான். ஆனால் ஒரு சதம் செலவில்லாத பாட்டையே தர மனம் வராதவர்களிடம் போய்க் காணியை எப்படிக் கேட்பது?