ஆசிரியப் பணியும் ஃபெலோஷிப் என்னும் வாயிலும்

முதுகலை முடித்து வெளியேறும் மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பள்ளிகளில் ஃபெலோஷிப் என்கிறார்களே ஐயா, சேரலாமா?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அந்த ஒரே பெயரின் கீழ் இருவேறு ஏற்பாடுகள் உலவுகின்றன.

முதலாவது, அமெரிக்கத் தனியார் பள்ளிகள் சில நடத்துவது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரின் ஷேடி ஹில் பள்ளி, 1920களிலிருந்தே ஆசிரியப் பயிற்சியைத் தன் வகுப்பறைகளுக்குள்ளேயே அளித்து வருகிறது. புதியவர் மூத்த ஆசிரியரின் வகுப்பில் உடனிருந்து கற்கிறார். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தனியார் பள்ளிகளோடு இணைந்து நடத்தும் ஈராண்டுத் திட்டத்தில், பள்ளியில் பணியாற்றிக்கொண்டே முதுகலைப் பட்டமும் பெறலாம். இவற்றிலும் குறை உண்டு. உறைவிடப் பள்ளி என்றால் பாடத்தோடு விளையாட்டுப் பயிற்சியும் விடுதிக் கண்காணிப்பும் தலையில் விழும். எனினும், கற்றுக்கொடுக்க ஒரு மூத்தவர் அருகில் இருக்கிறார்.

இரண்டாவது, நம் நாட்டில் 2009இல் மும்பையிலும் புணேயிலும் தொடங்கிப் பின்னர் சென்னைக்கும் வந்த 'டீச் ஃபார் இந்தியா' போன்றது. ஈராண்டுப் பணி; பி.எட். கட்டாயமில்லை. சில வாரப் பயிற்சிக்குப் பின், அரசுப் பள்ளியிலோ குறைந்த கட்டணத் தனியார் பள்ளியிலோ ஒரு வகுப்பே புதியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவ்வப்போது வந்து பார்த்து வழிகாட்டுவோர் உண்டு. ஆயினும் அன்றாடம் அவர் தனியாகவே நிற்கிறார். இந்த இளைஞர்களின் ஈடுபாட்டை நாம் ஐயுறவில்லை. அவர்கள் வராவிடில் அவ்வகுப்புகளுக்கு வேறு நல்லாசிரியர் வாய்த்திருப்பார் என்ற உறுதியும் இல்லை.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. எந்த ஆசிரியரும் முதலாண்டில் தடுமாறித்தான் கற்கிறார். அந்தத் தடுமாற்றத்தின் செலவை யாரேனும் ஏற்றாக வேண்டும். வசதியான பள்ளியில் அதை மூத்த ஆசிரியரின் நேரமும் பெற்றோர் கட்டும் கட்டணமும் ஏற்கின்றன. ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் அதைப் பிள்ளைகளே ஏற்கிறார்கள்.

நம் ஊர்த் தனியார் பள்ளிகள் பலவற்றில் இந்த இரண்டும் இல்லை. திங்கட்கிழமை சேர்பவருக்குச் செவ்வாய்க்கிழமை முழுப் பாடவேளை. பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டாகி, பள்ளியில் 20 வாரப் பயிற்சி விதிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் பயிற்சிக்குச் செல்வோரை, விடுப்பெடுத்த ஆசிரியரின் வகுப்பை அடக்கி வைக்க அனுப்புவதே பல இடங்களில் வழக்கம்.

உடனிருந்து கற்பது நமக்கு அயலான முறையன்று. உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பாடம் கேட்டார். திருவாவடுதுறை மடத்தில் பிறருக்குப் பாடம் சொல்லிப் பழகினார். அதன் பின்னரே, தியாகராச செட்டியாரின் பரிந்துரையால், 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராகச் சென்றார். நன்னூலின் பொதுப்பாயிரமும் நூலறிவோடு நின்றுவிடாமல், பாடம் சொல்லும் முறையைத் தனியே வகுத்துரைக்கிறது. கற்றவரெல்லாம் கற்பிக்க வல்லவர் ஆகிவிடுவதில்லை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆகவே, நம் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். ஃபெலோஷிப் என்ற பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எந்த மூத்த ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து கேட்கலாம், நம் வகுப்பை யார் வந்து பார்ப்பார், ஈராண்டு முடிந்தபின் அங்கேயே பணி உண்டா என்று கேளுங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்கக் கூசுவதும் வேண்டாம்.

பள்ளி நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஃபெலோஷிப் என்று பெயர் சூட்டாவிட்டாலும் குற்றமில்லை. புதிதாக வரும் தமிழாசிரியருக்கு முதலாண்டில் பாதிப் பாடவேளை மட்டும் கொடுங்கள். மீதி நேரத்தில் மூத்தவரின் வகுப்பில் அவர் உட்காரட்டும். அந்தச் செலவைப் பள்ளி ஏற்க மறுத்தால், அதைச் செலுத்தப்போவது கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைதான்.