ஆணியில் மாட்டிய வில்லை

போன வாரம் ஒரு பெண் போன் பண்ணினாள். அக்டோபரில் திருச்சியிலிருந்து மேல்படிப்புக்கு இங்கே வந்தவள். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் அதிகம். அவர்களில் ஒருத்தி. அரிசி எங்கே கிடைக்கும், வாடகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத்தான் வழக்கமாகக் கூப்பிடுவாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “எனக்கு இங்க ஒரு குறையும் இல்லக்கா. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து திங்கட்கிழமை காலை வரைக்கும் நான் வாயத் திறந்து ஒரு வார்த்த பேசல.”

நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம். ரூர் பகுதியில் போஹும் என்கிற நகரம். ஒரு ஆய்வகத்தில் வேலை. அவள் சொன்ன அந்த மூன்று நாளை நான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் திறக்காது. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்திலேயே ஞாயிறு ஓய்வுநாள் என்று எழுதிவைத்து, 1949இல் அதை அப்படியே புதிய சட்டத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். குடும்பம் இருக்கிறவர்களுக்கு அது வரம். டிசம்பரில் எட்டரைக்கு விடிந்து நாலரைக்குள் இருட்டிவிடும். அதற்குள் ஒரு ஞாயிறைத் தனியாகக் கடத்துவது என்றால், துவைத்த துணியையே மறுபடி மடித்துவைக்கத் தோன்றும்.

அதைவிடக் கொடுமை கடிகாரம். கோடையில் எனக்கும் என் ஊரான சாத்தூருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஆறு மணிக்கு வீடு வந்து போனை எடுத்தால் ஊரில் ஒன்பதரை. அம்மா சீரியல் பார்த்துவிட்டுப் படுக்கப்போகும் நேரம். “சாப்பிட்டியா?” என்று ஒரு வார்த்தை வாங்கிவிடலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். மறுநாளிலிருந்து என்னுடைய ஆறு மணி அவளுக்குப் பத்தரை. முதல் வருடம் அந்தத் திங்கட்கிழமை, மணி அடித்து அடித்து ஓய்ந்த பிறகுதான், அம்மா இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டாள் என்பது உறைத்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நம் மக்களைத் தேடிப் போனால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். போனேன். அரை மணி நேர ரயில் பயணத்தில் ஹாம் நகரம். அங்கே ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடை தொடங்கும்போது தேர். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம், காவடி, வடம் பிடிக்கும் கூட்டம். தீர்த்தத்துக்குப் பக்கத்துக் கால்வாய். பஞ்சாமிர்த வாசனையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு யாழ்ப்பாணத்து அக்கா பார்த்துவிட்டு, “தனியவோ வந்தனீங்கள்? சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்” என்று கையைப் பிடித்து அன்னதான வரிசையில் நிறுத்தினார். அன்றைக்கு நான் நிறைந்துபோனேன். அந்த அக்காவை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் இரவு திரும்பி வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது அறை காலையில் விட்டபடியே இருந்தது. அடுத்த தேர் அடுத்த வருடம்.

இரண்டாவது டிசம்பரில் காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுக்கை. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விரைவில் நலம்பெறுங்கள் என்று ஒற்றை வரி பதில் வந்தது. தப்பாக ஒன்றுமில்லை. அம்மாவிடம் சளி என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் எடுக்க எழுந்தபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இப்போது விழுந்தால் எத்தனை நாள் கழித்து யார் கதவைத் தட்டுவார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

ஐந்தாம் நாள் தெருமுனை ரொட்டிக் கடைக்குப் போனேன். கல்லாவில் நிற்கும் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. தினமும் காலையில் இரண்டு பன் வாங்குவேன், அவ்வளவுதான் பழக்கம். நிமிர்ந்து பார்த்தவர், “ஒரு வாரமா உங்களைக் காணோமே?” என்றார். ஒரு வாரம் ஆகவில்லை, நாலு நாள்தான். ஆனால் அவர் எண்ணியிருக்கிறார். அந்தப் பன் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தனிமையைப் பற்றி 1973இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். தனிமை இரண்டு வகை என்பது அவர் வாதம். மனசுக்கு நெருங்கிய ஓர் உயிர் இல்லாத தனிமை ஒன்று. அக்கம்பக்கம், தெரிந்த முகங்கள், நமக்கென ஒரு வட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. இதில் முக்கியமானது, ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்ட முடியாது என்று அவர் சொன்னது. அதைப் படித்தபோது என் இரண்டு வருடங்களுக்கும் அர்த்தம் விளங்கியது. நான் ஒரு பசிக்கு வேறு பசியின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். அம்மாவோடு எத்தனை மணி நேரம் வீடியோவில் பேசினாலும், இந்தத் தெருவில் என்னைத் தெரிந்தவர் யாருமில்லை என்ற குறை அப்படியே கிடக்கும். பேசி முடித்துத் திரை அணைந்ததும் அறை முன்னைவிட அமைதியாக இருப்பதன் காரணம் அதுதான்.

அந்த வசந்தத்தில் ஒரு ஷ்ரேபர் தோட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். ரயிலில் போகும்போது தண்டவாளத்தோரம் வரிசை வரிசையாகக் குட்டித் தோட்டமும் குட்டிக் குடிசையுமாகத் தெரியுமே, அவைதான். ஷ்ரேபர் என்பது லைப்சிக் நகரத்து மருத்துவர் ஒருவரின் பெயர். அவர் பெயரில் முதல் சங்கம் 1864இல் அங்கே தொடங்கியது, முதலில் குழந்தைகள் விளையாடும் திடலுக்காக. இன்றைக்கு நாடு முழுக்க ஒன்பது லட்சத்துக்குக் கிட்ட இப்படித் தோட்டங்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தோட்டம் நானூறு சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, நம் கணக்கில் பத்து சென்ட். குடிசை இருபத்துநாலு சதுர மீட்டர். அதில் குடியிருக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கிலாவது காய், கனி போட வேண்டும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது. வேலி இவ்வளவு உயரம்தான். ஒன்றரை வருடம் காத்திருந்து இடம் கிடைத்தபோது இந்த விதிகளைப் படித்து மலைத்தேன்.

என்னைக் காப்பாற்றியது அந்த விதிகளில் ஒன்று. வருடத்துக்கு இத்தனை மணி நேரம் ஒவ்வொருவரும் பொதுவேலை செய்ய வேண்டும். பாதைக்குச் சரளை போடுவது, சாக்கடை வாருவது, பொது வேலியைக் கத்தரிப்பது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். வராதவர் பணம் கட்ட வேண்டும். முதல் சனிக்கிழமை எனக்கு மண்வாரியும் பக்கத்தில் ஒரு துருக்கித் தாத்தாவும் கிடைத்தார்கள்.

அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கருங்கடலோரத்து சோங்குல்டாக், நிலக்கரி ஊர். துருக்கியோடு ஜெர்மனி ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது 1961இல், ஆள் எடுப்பதை நிறுத்தியது 1973இல். இவர் சுரங்க வேலைக்கு வந்தது 1971. விருந்தாளித் தொழிலாளி என்று பெயர். இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிவிடுவார்கள் என்று அரசும் நினைத்தது, அவர்களும் நினைத்தார்கள். நாலு பேருக்கு ஒரு அறை. கொலோன் வானொலி 1964இலிருந்து துருக்கி மொழியில் தினமும் ஒலிபரப்பியது. அதைக் கேட்க ஒரே பெட்டியைச் சுற்றி அறையே உட்கார்ந்திருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இஸ்தான்புல் ரயிலைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போவோம் என்றார். ஏறுவதற்கில்லை, வழியனுப்ப ஆளும் இல்லை. சும்மா பார்ப்பதற்கு. “பார்த்துட்டு வந்தா ராத்திரி தூக்கம் வராது. ஆனாலும் அடுத்த ஞாயிறு போவோம்.”

என் ஆறு மணி போன் நினைவுக்கு வந்தது.

பிறகு எது தேற்றியது என்று கேட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு பித்தளை வில்லை, பழைய எட்டணா அளவில். நடுவில் எண் பொறித்திருந்தது. ஓரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒன்று. இறங்கும்போது பலகையில் தன் ஆணியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், ஏறி வந்ததும் மாட்டுவார்கள். ஷிப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தேடாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். “அவன் ஜெர்மன்காரனா, துருக்கியா, போலந்தா, யாரும் கேக்க மாட்டாங்க. ஆணியத்தான் பாப்பாங்க” என்றார்.

அன்றைக்கு அவர் எனக்கு இன்னொன்றும் கொடுத்தார். ஜெர்மன் மொழியில் நம்மைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு: டூ, ஸீ. அறிமுகமில்லாத பெரியவர்களுக்குள் ஸீதான். அதை டூ ஆக்கும் உரிமை வயதில் மூத்தவருக்கு. பல வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஸீ என்றே பேசிக்கொள்பவர்கள் உண்டு. “சுரங்கத்துக்குள்ள எல்லாரும் டூதான். நீ மண்ணுதான வார்ற, அது போதும்” என்றார். ஊர்ப் பழக்கத்தில் எனக்கு ஒரு தாத்தாவை நீ என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவர்கள் மொழியில் சித்தப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். ஆம்ஜா. இப்போது அவர் எனக்கு ஆம்ஜா.

ரூரின் சுரங்கங்கள் மூடிவிட்டன. கடைசிக் கல் நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் போட்ரோப்பில் மூடியது. அன்றைக்கு டிவியைப் பார்த்து ஆம்ஜா அழுதாராம். மனைவி போய்ப் பத்து வருடம், பிள்ளைகள் தொலைவில். அவரையும் இப்போது எண்ணிப் பார்க்கும் இடம் இந்தத் தோட்டம்தான். திராட்சைக் கொடி வளர்ப்பது பழத்துக்காக அல்ல, இலையில் சோறு பொதிந்து சமைக்க. என் பாத்தியில் கடையில் வாங்கிய மல்லி விதையும் வெந்தயமும் முளைத்து வந்தபோது, வெந்தயத்தைக் கிள்ளி மோந்து பார்த்து, “செமன்!” என்று கத்தினார். அவர் ஊரிலும் அது உண்டாம்.

அரசாங்கங்களும் இப்போது தனிமையைப் பற்றிப் பேசுகின்றன. பிரிட்டன் 2018இல் அதற்கென ஓர் அமைச்சரைப் போட்டது, ஜப்பான் 2021இல். ஜெர்மனி 2023 டிசம்பரில் 111 அம்சத் திட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் நாம் இன்று வரவில்லை என்பதை ஓர் ஆளாவது கவனிக்கிற இடம் ஒன்று நமக்கு வேண்டும். அதைத் திட்டம் போட்டுத் தந்துவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

அதைத்தான் திருச்சிப் பெண்ணிடம் சொன்னேன். இந்த நாட்டில் பதிவுபெற்ற சங்கங்கள் ஆறு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பாட்டு, நீச்சல், சதுரங்கம், எதுவானாலும் சரி. பிடித்ததைவிட, வாரம் ஒரே நாள், ஒரே நேரம், பெயர் கூப்பிடுகிற இடமாகப் பார் என்றேன். மொழி வரவில்லையே என்றாள். எனக்கும் வரவில்லை, மண்வாரிக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. ஊர்க் கூட்டத்தோடு மட்டும் இருந்துவிடாதே, அம்மாவோடு பேசுவதைக் குறைக்கவும் குறைக்காதே. அது வேறு பசி. இரவு ரொம்பக் கனமாக இருந்தால் 0800 111 0 111. 1956இல் பெர்லினில் தொடங்கிய தொலைபேசி ஆறுதல் சேவை, எந்த நேரமும் இலவசம். நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன். மறுமுனையில் இருந்த ஆண் குரல் என் உடைந்த ஜெர்மனை நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டது. நாளைக்கு என்ன பண்ணப் போற என்று அவளிடம் கேட்டேன். தெரியவில்லை என்றாள். அப்படியானால் நாளை ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன் பண்ணு, பண்ணாவிட்டால் நான் பண்ணுவேன் என்றேன். பண்ணினாள்.

அம்மாவின் கேள்வியும் கொஞ்ச நாளாக மாறியிருக்கிறது. சாப்பிட்டியா என்று கேட்டதும் அடுத்தது, “அந்தத் துருக்கித் தாத்தாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு? எண்ணெய் தேய்க்கச் சொன்னியா?” சொன்னேன். நல்லெண்ணெய் சூடு பண்ணிக் கொண்டுபோயும் கொடுத்தேன். இந்தச் சனிக்கிழமை பாதைக்குச் சரளை வருகிறது. அவரால் குனிய முடியாது, அவர் பங்கு மணி நேரத்தையும் நான் சேர்த்துப் போட வேண்டும். காலையில் கூப்பிடாதே என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.